சார்ஜன் யோகேஸ்வரியின் இரண்டு காதுகள்

எங்கள் வீட்டில் உப்பு கேட்பதற்குக்கூட ஒரு சார்ஜன் வேண்டும். சும்மா சொல்லவில்லை. என் மாமனார் அம்மாசிக்கு உப்பு வேண்டும். உப்பு ஜாடி அவர் மகன் விக்னேஸ்வரனின் கைக்குப் பக்கத்தில் இருக்கும். இருவருக்கும் நடுவில் ஒரு மீன் குழம்புச் சட்டிதான். ஆனாலும் மாமனார் மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு, "யோகா, உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்பார். யோகா என்கிற யோகேஸ்வரி என் மனைவி. ராணுவத்தில் சிக்னல் பிரிவு சார்ஜன். அவள் தம்பி பக்கம் திரும்பி, "விக்கி, அப்பாவுக்கு உப்பு வேணுமாம்டா" என்பாள். அவன் ஜாடியை அக்காவிடம் கொடுப்பான். அக்கா அப்பாவிடம் கொடுப்பாள். அதற்குள் சோறு ஆறிவிடும்.

நான் சசிதரன். மலேசியாவின் வடக்கே, சுங்கைப்பட்டாணியில் கார் ஏர்கான் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். மாமனார் வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை என்பதால் இந்த வீட்டு விவகாரங்களில் எனக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது. ஆனால் கோபம் தாராளமாக வரும். இரண்டு ஆம்பிளைகள் ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, ஒரே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, ஒரு பெண்ணைத் தபால்காரி ஆக்கி வைத்திருந்ததைப் பார்த்து மூன்று வருடமாக எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கு வரவில்லை. "விடுங்க, அவங்க ரெண்டு பேரும் அப்படித்தான்லா" என்பாள்.

உண்மையில் அந்த வீட்டில் அப்பாவும் வளர்ந்த மகனும் முகம் பார்த்துப் பேசிக்கொண்டதே குறைவு. மாமனார் எஸ்டேட்டில் ரப்பர் பால் ஏற்றும் லாரி ஓட்டியவர். இன்ஜின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி வளர்ந்த குரல். 'வா' என்று கூப்பிட்டாலே வைவது மாதிரி இருக்கும். மகனிடம் எது சொல்வதானாலும் என் மாமியார் பாப்பம்மாவிடம்தான் சொல்லி அனுப்புவார். "அந்தத் தடியனுக்கு வேலைக்குப் போற எண்ணம் இருக்கா இல்லையான்னு கேளு" என்று அவர் சொன்னது, அத்தையின் வாயிலிருந்து வரும்போது, "அப்பாவுக்கு ஒன் நெனப்புதான்யா" என்று மாறியிருக்கும். "அவருக்கு என்ன வந்துச்சாம்?" என்று மகன் சீறியது, "யோசிச்சிச் சொல்றேங்குறான்" என்று மாறி அவரிடம் போய்ச் சேரும். அந்த வீடு அமைதியாக இருந்ததே அத்தையின் புண்ணியத்தில்தான். அத்தைக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்ப் படுக்கையில் விழுந்ததும் அந்த வேலை யோகாவுக்கு வந்தது. யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை. அவளாக எடுத்துக்கொண்டாள்.

அத்தை இறந்தபோது விக்கி சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலையாக இருந்தான். செய்தி கேட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பியவன், எல்லையில் ஜொகூர் பாலத்து நெரிசலில் மாட்டி, நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்து சேர்ந்தபோது உடலை எடுத்தாகிவிட்டது. மாமனார் காத்திருக்கவில்லை. பெற்ற மகன் போட வேண்டிய கொள்ளியைப் பெரியப்பா மகன் போட்டான். விக்கி வாசலில் வந்து நின்றபோது தண்ணீர் ஊற்றிக் கழுவிய தரைகூட இன்னும் காயவில்லை.

"நான் வர்ற வரைக்கும் ஒங்களால பொறுக்க முடியலையா?" என்று கேட்டான்.

"பொய் சொல்றவனுக்காக நான் எதுக்குடா காத்துக்கிட்டு இருக்கணும்?" என்றார் மாமனார்.

அவர்கள் நேராகப் பேசிக்கொண்ட கடைசி வார்த்தைகள் அவைதான். என்ன பொய் என்று அவன் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு அப்படி. அம்மா இருந்த வீட்டை விட்டு இருக்க முடியவில்லை என்று விக்கி சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து, ஊரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். மாமனார் வராதே என்று சொல்லவில்லை. அவனுக்குப் பிடித்த கருவாட்டைக் கடலோரத்துத் தஞ்சோங் டாவாய் வரைக்கும் போய் வாங்கி வருவார். சமையல்கட்டில் போட்டுவிட்டு, "யாராச்சும் தின்னா தின்னட்டும், யோகா" என்று சொல்லிவிட்டுப் போவார். இந்த வீட்டில் கருவாடு தின்பவன் விக்கி ஒருத்தன்தான்.

இந்த வருடம் ஒரு நாள் விக்கி என் கடைக்கு வந்தான். "பழைய எடத்துலயே கூப்புடறாங்க அத்தான். சனிக்கெழம காலையில சிங்கப்பூர் கெளம்பறேன். இந்த வாட்டி போனா திரும்பி வரமாட்டேன்" என்றான். ஏன் என்று கேட்டேன். "அந்த வீட்டுல எனக்குன்னு யாரு இருக்கா?" என்றான். அக்கா இல்லையா என்று கேட்க வாயெடுத்தேன். அவன் சொன்னது அப்பாவைத்தான் என்று தெரிந்ததால் விட்டுவிட்டேன்.

யோகாவிடம் சொன்னபோது அவள் பூட்ஸுக்குக் கறுப்புத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "போறதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு வார்த்த நேரா பேசிக்கணுங்க. ஒரே ஒரு வார்த்த. இல்லன்னா அப்பா போறப்பவும் இவன் வரமாட்டான்" என்றாள்.

அவளுக்கோ அந்த வாரம்தான் ஆஸ்திரேலிய ராணுவத்தோடு கூட்டுப் பயிற்சி. கூட்டுப் பயிற்சி என்றால் நாம் துப்பாக்கியையும் ஹெலிகாப்டரையும் நினைக்கிறோம். யோகாவைக் கேட்டால் பாதி நேரம் பிளக்கைப் பற்றிப் பேசுவாள். அவர்களுடைய ஜெனரேட்டர் பிளக் நம் பொந்தில் ஏறாது. அவர்களுடைய ஆன்டெனாத் திருகு நம் கேபிளில் சுற்றாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு இணைப்பான் செய்ய வேண்டும். என் கடையில் ஒயர் முனையை நெரித்துப் பூட்டும் கிரிம்பிங் கருவி அந்த வாரங்களில் காணாமல் போய்விடும். கேட்டால் நாட்டுக்காக என்பாள்.

ரேடியோ இன்னும் பெரிய தொல்லை. ஒட்டுக்கேட்பவனுக்குப் பிடிபடாமல் இருக்க அது ஓயாமல் அலைவரிசை மாறிக் குதித்துக்கொண்டே இருக்குமாம். இரண்டு பக்கமும் ஒரே கடிகாரத்தில் குதித்தால்தான் குரல் கேட்கும். ஒன்று கொஞ்சம் பிந்தினாலும் வெறும் இரைச்சல்தான். அதற்கு மேல், பேச்சைப் பூட்டி அனுப்ப ஒவ்வொரு படைக்கும் ஒரு பூட்டு. எவ்வளவு நெருங்கிய சிநேகிதனாக இருந்தாலும் வீட்டுச் சாவியை யாரும் கொடுத்துவிடுவதில்லை அல்லவா? அதனால் எத்தனை புதிய பெட்டிகள் வந்தாலும் சில வேலைகளுக்கு இன்றும் ஒரு கூடாரம், ஒரு மேசை, மேசையில் அவர்கள் ரேடியோ ஒன்று, நம் ரேடியோ ஒன்று, நடுவில் ஒரு ஆள் என்றுதான் முடிகிறது. இடது காதில் ஆஸ்திரேலியா, வலது காதில் மலேசியா. ஆங்கிலத்தில் வருவதை மலாயில் சொல்ல வேண்டும், மலாயில் வருவதை ஆங்கிலத்தில். அந்த நடு ஆள் என் மனைவி.

அந்த மேசைக்கு என்று கறாரான சட்டங்கள் இருக்கின்றன. வந்தது வந்தபடி போக வேண்டும். ஒரு சொல் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. செய்தி வந்ததும் முதலில் 'கேட்டது' என்று மட்டும் சொல்ல வேண்டும். அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை, காதில் விழுந்தது என்று மட்டும்தான். அப்புறம், இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் நேராகக் கேட்க ஆரம்பித்துவிட்டால் நடுவில் இருப்பவர் உடனே விலகிவிட வேண்டும். இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தபோது நான் சிரித்தேன். "நம்ம வீட்டுல மட்டும் ஏன் வேற சட்டம்?" என்று கேட்டேன். "வீடு வேற, ஓப்பிஸ் வேற" என்றாள்.

அந்தப் பக்கமும் இவளைப் போலவே ஒரு பெண் சார்ஜன் இருந்தாள். ஹேலி என்று பெயர். பயிற்சிக்கான ஏற்பாடுகளில் வாரக்கணக்காக இருவரும் சேர்ந்து ஒயரும் திருகுமாகக் கிடந்ததில் நெருக்கமாகிவிட்டார்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் யோகா அவளை வீட்டுக்குச் சாப்பிட அழைத்து வந்தாள். அந்தப் பிள்ளை ரசத்தைக் குடித்து, கண்ணில் தண்ணீர் வந்து, மறுபடியும் ரசம் கேட்டது. அப்போதுதான் எங்கள் வீட்டு உப்பு ஊர்வலம் நடந்தது. அப்பாவிடமிருந்து அக்காவுக்கு, அக்காவிடமிருந்து தம்பிக்கு, திரும்ப அதே வழியில் ஜாடி. ஹேலி எல்லாவற்றையும் கவனித்துவிட்டு, "இவர்களில் யாருடைய ரேடியோ கெட்டுப்போயிருக்கிறது?" என்று ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்றார் மாமனார்.

"கொழம்பு ரொம்ப நல்லா இருக்காம்பா" என்றாள் யோகா.

மாமனார் குளிர்ந்துபோய் ஹேலியின் தட்டில் இன்னும் ஒரு துண்டு மீனைப் போட்டார். விக்கியும் நானும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

செவ்வாய்க்கிழமை ஒரு விபத்து நடந்தது. ராணுவ ரகசியம் எதுவும் எனக்குத் தெரியாது. அவள் சொன்னதைத்தான் சொல்கிறேன். யான் என்ற ஊர்ப் பக்கம், ஜெராய் மலையடிவாரத்தில், வயலுக்குத் தண்ணீர் போகும் பெரிய கால்வாயின் மேல் ஆஸ்திரேலியர்கள் இரும்புப் பாலம் போட வேண்டும், அதன் மேல் நம் லாரிகள் கடக்க வேண்டும். அவர்கள் பாலம், நம் வண்டி. அதுதான் அன்றைய பயிற்சி. நல்ல மழை. நம் லாரிகள் சீக்கிரமே வந்துவிட்டன. பாலத்தின் ஒரு முனையில் பூட்டும் இரும்பு ஊசிகளை இன்னும் இறக்கவில்லை. லாரி உறுமிக்கொண்டு முன்னே வருவதைப் பார்த்த அவர்களுடைய கேப்டன் ரேடியோவில் கத்தினார். "நிறுத்து! ஒரு சக்கரம்கூட என் பாலத்தில் ஏறக்கூடாது! உங்கள் மேஜருக்குக் கண் தெரியவில்லையா?"

யோகா 'கேட்டது' என்றாள். பிறகு வலது பக்கம் திரும்பி, நம் மேஜரிடம் மலாயில் சொன்னாள்: "துவான், பாலம் இன்னும் தயாராகவில்லையாம். முடிந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல்கிறார்கள்."

முடிந்தால் என்ற சொல்லை அந்தக் கேப்டன் சொல்லவே இல்லை. அது இவளாகப் போட்டது. மேஜருக்குப் பின்னால் லாரிகள் வரிசையாகச் சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தன. முடியாது என்று அவர் முடிவு செய்தார். முதல் வண்டியை மட்டும் மேட்டுக்கு, பாலத்து முனை வரைக்கும், கொண்டு போய் நிறுத்தச் சொன்னார். முன்சக்கரம் இரும்பில் ஏறியது. பாலம் நழுவியது. லாரி சாய்ந்து கால்வாயில் விழுந்தது.

ஓட்டியவர் கோப்ரல் சைபுல். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. லாரி இன்னும் கொஞ்சம் புரண்டிருந்தால் அவர் அடியில் போயிருப்பார். ஆம்புலன்ஸுக்குச் செய்தி சொன்னதும் யோகாதான். அந்தச் செய்தியை மட்டும் ஒரு சொல் மாறாமல் சொல்லியிருந்தாள். மறுநாள் மருத்துவமனைக்குப் போனபோது சைபுலின் மனைவி தலீலா, நிறைமாத வயிற்றோடு எழுந்து வந்து, "நீங்கள்தான் காப்பாற்றினீர்கள், காக்கா" என்று இவள் கையைப் பிடித்துக்கொண்டாளாம். மலாயில் அக்காவுக்கு அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் கையை எப்படி விடுவித்துக்கொண்டு வந்தேன் என்றே தெரியவில்லை என்றாள்.

வியாழக்கிழமை இரண்டு படையையும் ஒரு மண்டபத்தில் உட்கார வைத்து ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். முதலில் இடது காதுக்கு வந்தது. அடுத்து வலது பக்கம் போனது. கேப்டனின் கத்தல். அதைத் தொடர்ந்து யோகாவின் பதமான குரல், வீட்டில் தம்பிக்கு உப்பு கேட்கும் அதே குரல். மண்டபத்தில் யாரும் திட்டவில்லை. மேஜர் மட்டும், "அவர் கத்தியதை அப்படியே என்னிடம் கத்தியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேன், சார்ஜன்" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லையாம். ஆமாம் துவான், நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று இவள் எழுந்து நின்று ஒப்புக்கொண்டாள். நடு மேசையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். ஹேலி வெளியே வரும்வரை இவள் முதுகில் கையை வைத்துக்கொண்டே நடந்தாளாம்.

அங்கிருந்து நேரே என் கடைக்கு வந்தாள். சீருடையோடு, வாடிக்கையாளர் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். சைபுலைப் பற்றித்தான் அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மாவுக்கும் இதத்தாங்க செஞ்சேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவள் சொல்லச் சொல்லப் புரிந்தது. அத்தை மருத்துவமனையில் கிடந்தபோது, அப்பா மகனுக்குச் சொல்லி அனுப்பியது ஒன்று, இவள் போனில் தம்பியிடம் சொன்னது வேறு. தம்பி திருப்பிச் சொன்னது ஒன்று, இவள் அப்பாவிடம் சொன்னது வேறு. மூன்று வருடமாக இந்த வீட்டில் ஓடிக்கொண்டிருந்த பகை முழுக்க, இவள் பதமாக்கிச் சொன்ன இரண்டு செய்தியால் வந்தது. இவ்வளவு நாளும் இது அவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எடுத்துப் பார்க்கத் தைரியம் வந்திருக்காது. மண்டபத்தில் தன் குரலைத் தானே கேட்ட பிறகு ஒளித்து வைக்க வழியில்லாமல் போய்விட்டது.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல் ஒரு ஸ்பேனரைத் தூக்கி மூலையில் எறிந்தேன். பிறகு, "சொல்லாத யோகா. நாள் போயிடுச்சி. சொன்னா ரெண்டு பேரும் சேந்து ஒன்மேலதான் பாய்வாங்க" என்றேன்.

"பாயட்டும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கேற்றி முடித்ததும், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். விக்கியின் பெட்டி கூடத்தில் கட்டி வைத்தபடி இருந்தது. மாமனாருக்கு அது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. காற்றாடியைப் பார்த்து, "யோகா, அந்தத் தடிமாடு எத்தன மணிக்குக் கெளம்புதாம்னு கேளு" என்றார்.

யோகா தம்பி பக்கம் திரும்பினாள். "விக்கி, அப்பா கேக்கறாரு: 'அந்தத் தடிமாடு எத்தன மணிக்குக் கெளம்புதாம்?'"

விக்கியின் கையிலிருந்த சோறு தட்டில் விழுந்தது. "யாரு தடிமாடு? நான் எப்ப போனா அவருக்கென்னவாம்? கெழவன் தன் வேலய பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லு."

யோகா அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, அவன் சொன்னது: 'நான் எப்ப போனா அவருக்கென்னவாம்? கெழவன் தன் வேலய பாத்துக்கிட்டு இருக்கச் சொல்லு.'"

மாமனார் காற்றாடியை விட்டுவிட்டு மகளைப் பார்த்தார். "என்னா புள்ள நீ? வந்தத அப்படியே கொட்டற?"

"இனிமே அப்படித்தாம்பா. வந்தது வந்தபடி." அவள் தண்ணீர் குடித்தாள். "ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு சேதி பாக்கி இருக்கு. மூணு வருஷமா என்கிட்டயே கெடக்கு. இப்பக் குடுத்துடறேன்."

நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விக்கி. அம்மா ஆஸ்பத்திரியில இருக்கறப்ப அப்பா ஒனக்குச் சொல்லச் சொன்னது: 'கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு இப்பவே கெளம்பி வரச் சொல்லு. இல்லன்னா அவன் ஆத்தாள உசுரோட பாக்கமாட்டான். அவ அவனத்தான் கேட்டுக்கிட்டு இருக்கா.' நான் ஒன்கிட்ட சொன்னது: 'அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலடா, பயப்படாத, லீவு கெடச்சா வந்துட்டுப் போ.'"

விக்கி தட்டைத் தள்ளி வைத்தான்.

"அப்பா. விக்கி சொன்னது: 'சனிக்கெழமதான் லீவு, அன்னைக்கி வரேன்னு சொல்லு.' நான் ஒங்ககிட்ட சொன்னது: 'கெளம்பிட்டாம்பா, வந்துக்கிட்டு இருக்கான்.' அவன் பொய் சொல்லலப்பா. நாந்தான் சொன்னேன்."

மாமனாரின் கை சோற்றிலேயே இருந்தது. விக்கி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"ஏங்க்கா? ஏன் அப்படி சொன்ன?"

"பயந்துபோயி நீ மோட்டார முறுக்கிக்கிட்டு வந்து எங்கயாச்சும் விழுந்துடுவேன்னு நெனச்சேன். அப்பா ஒடஞ்சி போயிடுவாருன்னு நெனச்சேன். அம்மா இன்னும் ரெண்டு நாளு இருப்பாங்கன்னு நெனச்சேன்."

"எங்கம்மா மொகத்த நீதான் எனக்கு இல்லாம பண்ணிட்ட."

"ஆமாம்" என்றாள் யோகா.

அவ்வளவுதான் சொன்னாள். மன்னிப்பு கேட்கவில்லை, சமாதானம் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "இனிமே ஒருத்தர் பேசறது ஒருத்தருக்கு நேராவே கேக்கும். நடுவுல நான் இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு வெளியே கார் நிறுத்தும் இடத்துக்குப் போனாள். நான் என் தட்டோடு பின்னாலேயே போனேன். அங்கே கிடந்த பழைய டயர் மேல் இருவரும் உட்கார்ந்தோம். அவள் சாப்பிடவில்லை. காது இரண்டும் உள்ளேயே இருந்தன.

பிறகு மாமனாரின் குரல் கேட்டது. லாரிக்கு மேல் கத்திப் பழகிய அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"விக்கி." மகன் பெயரை மகனிடமே அவர் சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. "ஆத்தா கடைசி வரைக்கும் கதவையே பாத்துக்கிட்டு இருந்தாடா. நர்ஸ் வந்தாக்கூட, விக்கியான்னு கேட்டா."

உள்ளே விக்கி ஓவென்று அழுதான். அந்த அழுகையைக் கேட்டதும் யோகா துள்ளி எழுந்தாள். ரொம்ப நேரம் கேக்கலடா, கொஞ்ச நேரம்தான், அம்மாவுக்கு நெனவே இல்லடா என்று அவள் வாயில் அத்தனையும் தயாராக வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். உதறினாள். விடவில்லை. அவள் நின்றபடியே கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு டயர் மேல் உட்கார்ந்து முந்தானை இல்லாத குறைக்கு டீ சட்டையின் கழுத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

"கொள்ளிகூட போட விடாம பண்ணிட்டேன்" என்றார் மாமனார் உள்ளே. "பொய் சொல்றவன்னும் சொல்லிட்டேன். நான் என்னாடா பண்ணுவேன் இப்ப?"

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யார் யாரிடம் போனார்கள் என்று எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் எட்டிப் பார்க்கவுமில்லை. ரொம்ப நேரம் கழித்து மாமனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கொழம்புல உப்பு போதுமாடா?" என்று கேட்டார்.

"போதும்பா" என்றான் விக்கி.

யோகா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். சொன்னால் என்ன?

சனிக்கிழமை காலையில் மாமனார் தாமாகவே கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து விக்கியின் பழைய மைவி காரில் பின்னால் வைத்தார். "கண்ணாடிய தொறந்து வச்சிக்கிட்டுப் போ, நாறும்" என்றார், மகனைப் பார்த்து. "அம்மா தெவசத்துக்கு வந்துடறேம்பா" என்றான் மகன், அப்பாவைப் பார்த்து. திரும்பி வரமாட்டேன் என்றவன்தான் அவன். மாமனார் தலையை ஆட்டிவிட்டு, வண்டி பின்னால் எடுக்கத் தோதாக ரோட்டில் யாரும் வருகிறார்களா என்று பார்க்கப் போய் நின்றுகொண்டார்.

யோகாவிடம் மட்டும் அவன் முந்தின சாயங்காலத்திலிருந்து பேசவில்லை. அவள் கேட் ஓரமாக, நாலு எட்டு தள்ளித்தான் நின்றாள். விக்கி என்னிடம் வந்தான். "அத்தான், அக்காகிட்ட சொல்லுங்க..." என்று ஆரம்பித்தான்.

எனக்கு வந்ததே கோபம்! "தம்பி, நான் ஏர்கான்காரன். சிக்னல் பிரிவு இல்ல. எது சொல்றதா இருந்தாலும் நேரா போயி சொல்லு" என்றேன்.

அவன் அக்காவிடம் திரும்பினான். "எனக்கு ஒம்மேல இருக்கற கோவம் போகலக்கா. எப்ப போகும்னும் தெரியல."

சொல்வதற்கு அவளிடம் எத்தனையோ இருந்திருக்கும். எல்லாவற்றையும் விழுங்கினாள். "கேட்டுச்சி" என்றாள்.

அவன் காரில் ஏறி ஸ்டார்ட் செய்தான். கண்ணாடியை இறக்கினான். "போய்ச் சேந்ததும் ஒனக்குத்தான் போன் பண்ணுவேன்."

"கேட்டுச்சி" என்றாள். இந்த முறை பாதிதான் வெளியே வந்தது.

கார் தெருமுனையில் திரும்பும் வரைக்கும் கையாட்டிவிட்டு மாமனார் எங்களிடம் வந்தார். லாரி இரைச்சலுக்கு ஒன்றைப் பறிகொடுத்தது போக மிச்சமிருந்த நல்ல காதை யோகாவின் பக்கம் சாய்த்தார். "என்னா சொன்னான் ஒங்கிட்ட?"

"'எனக்கு ஒம்மேல இருக்கற கோவம் போகலக்கா. எப்ப போகும்னும் தெரியல'ன்னாம்பா. 'போய்ச் சேந்ததும் ஒனக்குத்தான் போன் பண்ணுவேன்'ன்னான்."

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. மாமனார் கேட்டுக்கொண்டு, மகள் தலையில் ஒரு முறை கையை வைத்துவிட்டு உள்ளே போனார்.